அலுமாரியில் ஆமி

எங்கட வீட்டில் ஆமி என்பது
பெயர்ச்சொல் அல்ல, வினைச்சொல்.
ஆமி என்றால்
அடுப்பில் தண்ணீரை ஊற்று, செருப்பைத் தேடாதே,
வேலிக்குள்ளால் ஓடு.

வெள்ளி இரவு, தூன் நகரத்தில்,
மூன்றாம் மாடிக் கதவை உதைக்காமல்
சாவி போட்டுத் திறந்து
உள்ளே வந்தது ஆமி.
"அம்மா, பசிக்குது" என்றது.

சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தது.
தோளில் கிடந்த துவக்கை எங்கே சாத்துவதென்று
சுற்றுமுற்றும் பார்த்தது.
சாமித்தட்டுப் பக்கம் போனபோது
சுகிர்தா ஒரு பார்வை பார்த்தாள்.
கடைசியில் அலுமாரி,
அவளுடைய கூறைச் சேலைக்குப் பக்கத்தில்.

சுடுகிற துண்டை வேறாகக் கழற்றி வைப்பது நல்லதாம்.
அதற்கொரு பிஸ்கட் ரின் கொடுத்தேன்.
ரவை வீட்டுக்குத் தரமாட்டார்களாம்.
"குசினியில் ரெண்டு கிலோ இருக்கு" என்றாள் சுகிர்தா,
உப்புமாவை நினைத்து.

சோற்றுக்கு முன்னால் இருந்து ஆரணன்
படித்த வரலாற்றைச் சொன்னான்.
இந்த மலைக்காரர் ஒருகாலம்
பிள்ளைகளை ஏற்றுமதி செய்தவர்கள்.
காசு தந்த அரசனுக்கெல்லாம் செத்தவர்கள்.
அதில் ஒரு பட்டாளம் கொழும்புக் கோட்டையில்
ஒல்லாந்தனுக்குக் காவல் நின்று,
ஒருநாள் ஆள், சட்டை, சம்பளப் பாக்கி எல்லாம் சேர்த்து
வெள்ளைக்காரனுக்குக் கைமாறி,
சீரங்கப்பட்டணத்துக்கும் சண்டைக்குப் போனது.
"அப்ப எங்களுக்கு முன்னமே
அவங்கள் அங்க வந்திட்டாங்கள்" என்றேன்.
"விசா இல்லாமல்" என்றான்.

பிறகு வீட்டோடு நின்றுவிட்ட ஆமி.
மலையைக் குடைந்து பீரங்கி வைத்து,
வெளியே மாட்டுக்கொட்டில் என்று
யன்னல் வரைந்து விட்ட ஆமி.
வறட்சியில் மேட்டு மாடுகளுக்கு
ஹெலியில் தண்ணீர் கொண்டுபோகிற ஆமி.
ஹெலியில் தண்ணீர்!
நானறிந்த ஹெலியிலிருந்து விழுந்தது வேறு.

பெருமையாய்ச் சொல்லிக்கொண்டு போனவன்
ஜெனீவாவில் நின்றான்.
முப்பத்திரண்டாம் ஆண்டு, நவம்பர்.
பயிற்சி முடியாத பையன்கள்,
சொந்தச் சனக்கூட்டத்தின் மேல்.
பதின்மூன்று பேர்.
"என்ன வயது அந்தப் பையன்களுக்கு?"
"என்ர வயது."
பிறகு இருவரும் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை எங்களுக்கு உடுப்புத் தோய்க்கிற முறை.
கீழே நிலவறை.
குண்டு விழுந்தால் ஒளிக்க ஒரு கொங்கிறீட் கதவு, ஒரு சாண் தடிப்பு.
உள்ளே அயலவரின் ஸ்கீ, வைன் போத்தல், எங்கட அரிசி மூட்டை.
காய்ந்ததை எடுக்கப் போன சுகிர்தா
வெறுங்கூடையோடு ஏறி வந்தாள்.
"கொடியில ஆமி நிக்குது."
அவளே தோய்த்துப் போட்டதுதான்.
தெரிந்திருந்தும் கால் திரும்பிவிட்டது.

நான் இறங்கினேன்.
என் சாரத்துக்கும் அவள் பாவாடைக்கும் நடுவில்
சொட்டுச் சொட்டாய் நின்றது.
நெஞ்சில் பெயர்ப்பட்டி, கழற்ற மறந்திருக்கிறான்.
குணபாலசிங்கம்.
இங்கே தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயர்.

ஒருமுறை பள்ளிக்கூட முற்றத்தில்,
சாக்கு மூடிய தலையொன்றின் முன்னால்
வரிசையாய் நடத்தினார்கள்.
இந்தப் பெயரை வாய்க்குள் மென்று
விழுங்கிக்கொண்டு நடந்தேன்.
தலை ஆடவில்லை.
எனக்குப் பின்னால் வந்த கிருபைராசாவுக்கு ஆடியது.

பட்டியைப் பிடித்து இழுத்தேன்.
ஒட்டுத்துணி சர்ரென்று கிழிந்த சத்தம்
மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிறு பின்னேரம்.
ரயிலுக்கு இருபது நிமிடம்.
அலுமாரி, கூடை, கட்டிலடி எல்லாம் கிளறிக்கொண்டு
ஆரணன் கத்தினான்:
"அப்பா, என்ர பெயரைக் கண்டனீங்களா?"

என் சட்டைப்பையில் இன்னும் ஈரம்.
கையை நீட்டினான், கொடுக்கவில்லை.
விளங்கியதோ என்னவோ,
நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றான்.
ஒட்டினேன்,
கொஞ்சம் சரிவாய்.
திங்கள் காலை அணிவகுப்பில்
வக்ட்மைஸ்டர் ஆம்ஸ்டுட்ஸ் கண்டுபிடிப்பார்.